ஆட்சேபணை ஏதும் இல்லை

மூன்றாவது பத்தியைத்தான் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருக்கிறேன். கண்ணாடி பைக்குள் இருக்கிறது, இருந்தாலும் அந்தப் பத்தி எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று விரலுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. மனுவில் மொத்தம் நாலு பத்தி. முதல் பத்தி நான் யார் என்பது: பொற்கொடி, வயது அறுபத்திரண்டு, மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் கணக்கெடுத்த தனுஷ்கோடியின் மனைவி. இரண்டாவது, அவரை யாரோ தலையில் அடித்துக் கண்மாய்க் கரையில் போட்டுவிட்டுப் போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறது, அது யார் என்று இன்றுவரை தெரியவில்லை என்பது. நாலாவது, வழக்கைத் தூசி தட்டி மறுபடி விசாரிக்க வேண்டும் என்று மாவட்டக் காவல் கண்காணிப்பாளரைப் பணிவோடு கேட்டுக்கொள்வது. இந்த மூன்றையும் எந்தக் கோயிலில் வைத்தும் சத்தியம் செய்வேன். மூன்றாவது இது: 'வழக்கு முடிக்கப்பட்டது பற்றி எனக்கோ என் மகளுக்கோ எந்தத் தகவலும் தரப்படவில்லை. அப்போதைய தலைமைக் காவலர் சவரிநாதன் நோட்டீஸைத் தராமலே தந்ததாகக் காட்டியிருக்கலாம் என்று சந்தேகிக்கிறோம்.' என் மகள் சுகந்தி டைப் அடித்தது. இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறாள், ஊரில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்த கை அது. ஓர் எழுத்துப் பிழை இல்லை, விஷயம்தான் பொய். பொய் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், அந்தச் சவரிநாதனுக்குத் தெரியும், அவர் உயிரோடு இருந்தால். சுகந்தி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பைலில் இருக்கிற காகிதங்களை மூன்றாவது தடவையாக வரிசைப்படுத்துகிறாள். எங்கள் எண் முப்பத்தொன்று. உள்ளே பதினாலு போயிருக்கிறது. இன்னும் பதினாறு பேர் இருக்கிறார்கள், அதற்குள் வாயைத் திறந்துவிடலாம். திறக்காமலும் இருந்துவிடலாம்.

எஸ்பி ஆபீஸ் கூடத்தில் மூன்று ஃபேன், நடுவில் உள்ளது ஓடவில்லை, எனக்குக் கிடைத்த இடம் அதற்கு நேர் கீழே. என் ராசிக்கு வேறெங்கே கிடைக்கும். புதன்கிழமை மனு வாங்கும் நாள் என்பதால் தரையைப் பினாயில் போட்டுத் துடைத்திருக்கிறார்கள், அந்த வாசனைக்கு எனக்கு எப்போதும் பெரியாஸ்பத்திரிப் பிணவறை வாசல் ஞாபகம் வரும், இன்றைக்கு வரவில்லை, அதுவரை நல்லது. முன்வரிசையில் ஒரு பெரியவர் 'ஐயா கும்பிடுறேன்யா, எல்லைக்கல்லப் பிடுங்கிட்டான்யா' என்று முணுமுணுப்பாகச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறார். நானும் சொல்லிப் பார்க்கலாம். எப்படி ஆரம்பிப்பது. சுகந்தி, அந்த நோட்டீஸ் வந்துச்சுடி. சுகந்தி, அன்னிக்கு நான் அவசரத்துல. அவசரத்தில் என்று ஆரம்பித்தால் என்ன அவசரம் என்று கேட்பாள். அங்கேதான் மாட்டுகிறது, எத்தனை தடவை ஓட்டினாலும் அங்கேயே வந்து நிற்கிறது. "என்னம்மா, தண்ணி வேணுமா?" என்கிறாள். "வேணாம்டி." "மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு." "ஃபேன் ஓடல, அதான்." உடனே எழுந்து போய் வாசலில் நிற்கிற போலீஸ்காரப் பெண்ணிடம் ஃபேனைப் பற்றிக் கேட்கிறாள். இவள் இப்படித்தான், எதையும் விடமாட்டாள். அப்பாவுடைய குணம். அவர் ஒரு வீட்டில் மீட்டர் பெட்டி எட்டாத உயரத்தில் இருந்தால் பக்கத்து வீட்டு ஸ்டூலைக் கடன் வாங்கி ஏறிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். குத்துமதிப்பாக எழுதிவிட்டு வருகிறவர்கள் உண்டு, இவர் எழுதமாட்டார். கல்யாண வீட்டுக்குப் போனால்கூடப் பந்திக்குப் போகிற வழியில் மீட்டரை அண்ணாந்து பார்ப்பார். நாய்க்கு மட்டும் பயம். அதற்காகச் சட்டைப் பையில் நாலு பொறை வைத்திருப்பார், துவைக்கிறபோது எனக்குப் பை நிறையத் தூள்.

அவருடைய கையெழுத்துதான் இன்றைக்கு எங்களை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது. ஆடி மாசம் ஒரு பெண் சுகந்தியின் மையத்துக்கு வந்தாள், மாமனார் இறந்துவிட்டார், கரண்டு இணைப்பைப் பெயர் மாற்ற வேண்டும் என்று வீட்டிலிருந்த பழைய காகிதமெல்லாம் ஒரு கட்டைப்பையில் அள்ளிக்கொண்டு. அதற்குள் பழைய மீட்டர் அட்டை ஒன்று. முன்பெல்லாம் எல்லார் வீட்டிலும் இருக்கும், ஆணியில் தொங்கும், கணக்கெடுக்க வருகிறவர் தேதியையும் யூனிட்டையும் எழுதிப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டுவிட்டுப் போவார். சுகந்தி அதை ஸ்கேன் பண்ண வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். யூனிட்டில் இருந்த ஏழுக்கு இடுப்பில் ஒரு கோடு, அப்படிப் போடுகிற பழக்கம் அவருக்கு. தேதி 14.11.2006. அவர் செத்துக்கிடந்த அன்றைய தேதி. தெரு, மேட்டுத்தெரு. இதில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். போலீஸ் என்ன சொன்னது என்றால், அவர் காலையில் வேலைக்குப் போகிற வழியிலேயே கண்மாய்க் கரையில் வழிப்பறிக்காரன் எவனோ அடித்துவிட்டான், ஊருக்குள் அவர் போகவே இல்லை, அதனால்தான் மேட்டுத்தெருவில் அன்றைக்கு அவரை ஒருத்தரும் பார்க்கவில்லை. வண்டி ஸ்டாண்டு போட்டு நிற்கிறது, சாவி வண்டியிலேயே இருக்கிறது, கணக்குப் புத்தகமும் பையும் மட்டும் காணோம். வழிப்பறிக்காரன் வண்டியை விட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போவானா என்று நான் கேட்டேன். நான் கேட்டு யார் பதில் சொல்லப் போகிறார்கள். இப்போது அட்டை சொல்கிறது, அவர் கண்மாயைத் தாண்டி மேட்டுத்தெருவுக்குள் போயிருக்கிறார், ஒரு வீட்டில் நின்று எழுதியிருக்கிறார். அப்படியானால் மறுபடி கண்மாய்க்கு எப்படி வந்தார், யார் கொண்டுவந்தது. சுகந்தி சொல்வது இன்னும் ஒரு படி மேலே. "ஒரு வீட்டு அட்டை கெடச்சா மத்த வீட்டுலயும் இருக்கும்மா. வரிசையாப் பாத்தா எந்த வீட்டு வரைக்கும் எழுதியிருக்காரு, எந்த வீட்டுல எழுதலைன்னு தெரிஞ்சுபோகும்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.  எழுதாமல் விட்ட முதல் வீடு, அங்கேதானே அவருக்கு ஏதோ ஆகியிருக்க வேண்டும். ஆனால் இப்போதெல்லாம் கணக்கு போனில் வந்துவிடுகிறது, அட்டையை யார் வைத்திருக்கிறார்கள், போகிக்கு ஒன்று பொங்கலுக்கு ஒன்று என்று எரிந்துபோகும். அதனால்தான் இந்த அவசரம். இது நிஜமான அவசரம்.

அந்தத் தெருக்காரர்கள் மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சமா. ஒருத்தர் விடாமல் 'யாரும் வரலை சார்' என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டு ஆணியில் அட்டை தொங்குகிறது, அன்றைய தேதி மை காயாமல் இருக்கிறது, வாய் கூசாமல் யாரும் வரலை. நீங்கள் எல்லாம் நல்லா இருப்பீங்களா என்று ஆடி மாசம் முழுக்கச் சமையல்கட்டில் பாத்திரத்தோடு பேசினேன். ஒரு நாள் குழம்பைத் தாளிக்கும்போது பட்டென்று வந்தது, போலீஸ் வாசப்படி ஏறுமே என்று பயந்திருப்பார்கள், ஆமாம் என்று சொன்னால் ஸ்டேஷனுக்கு வா, கோர்ட்டுக்கு வா, சாட்சி சொல்லு என்பார்களே என்று பயந்திருப்பார்கள், வீட்டில் பெண் பிள்ளை வைத்திருந்திருப்பார்கள். கடுகு கருகிப் போனதுகூடத் தெரியாமல் நின்றேன். அவர்களைத் திட்டின வாயை என்ன செய்வது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் பதினாறு வருஷம் மறைத்திருக்கிறேன், அதுவும் அந்தச் சோற்றையே என் மகளுக்குப் போட்டு. "பத்தொம்போது!" என்று வாசலில் குரல் கொடுக்கிறார்கள். எல்லைக்கல்காரர் எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டு உள்ளே போகிறார். சீக்கிரமாகத்தான் போகிறது. இவ்வளவு சீக்கிரம் ஏன் போகிறது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆவணி பிறந்து ஒரு வாரம். பரமக்குடியிலிருந்து சுகந்தியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அதற்கு முன்னால் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது, ஜாதகம் பொருந்தி, பெண்ணையும் பிடித்து, எல்லாம் பேசி முடித்தபிறகு. காரணத்தைத் தரகர் சொல்லமாட்டேன் சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டுச் சொன்னார்: "கொலைக் கேசு நடக்கிற வீடாம்மா, போலீசு வந்து போய் இருக்குமேன்னு யோசிக்கிறாங்க." செத்தவர் என் புருஷன், களங்கம் என் பெண்ணுக்கு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. மூன்றாவதாக வந்தவர்கள் இவர்கள், மாப்பிள்ளையின் அம்மா நல்ல மாதிரி, கூடத்தில் உட்கார்ந்து என் தங்கையோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். நான் அடுப்பில் கேசரி கிண்டிக்கொண்டு ஜன்னல் வழியே பார்க்கிறேன், தெருமுனையில் காக்கிச் சட்டை, பைக்கை உருட்டிக்கொண்டு வீட்டு நம்பர் பார்த்துக்கொண்டு வருகிறது. கரண்டியைப் போட்டது தெரியும், கொல்லைப்புறமாகச் சுற்றி ஓடியது தெரியாது. சந்தில் துவைகல் பக்கத்தில் அவரை மடக்கிவிட்டேன். "சார், சார், இந்தப் பக்கம் வாங்க சார்." அவர் என் பட்டுப்புடவையைப் பார்த்தார், கையில் ஒட்டியிருந்த கேசரியைப் பார்த்தார். "வீட்ல விசேஷமாம்மா?" "பொண்ணு பாக்க வந்திருக்காங்க." உடனே தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கி நின்றார், கூடத்திலிருந்து பார்த்தால் தெரியாதபடி. "எனக்கும் ரெண்டு பொண்ணும்மா" என்றார். அவர்தான் சவரிநாதன். ஒரு காகிதம் கொடுத்தார், வழக்கை முடிக்கிறோம் என்கிற நோட்டீஸ். நான் படிக்கவில்லை. கண்ணாடி உள்ளே இருந்தது, படிக்க நேரமில்லை, கேசரி அடி பிடிக்கிற வாசனை வருகிறது, என்ன ஏது என்று தெரியாமல் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன். இப்படித்தான் நடந்தது. இதைச் சுகந்தியிடம் சொல்லலாம், படிக்காமல் போட்டுவிட்டேன்டி என்று சொல்லலாம், பாவம் அம்மா என்பாள்.

இப்படி நடக்கவில்லை. இன்றைக்குக் கூடவா என்னிடமே நான் பொய் சொல்ல வேண்டும். படிக்கவில்லை என்பது வரைக்கும் உண்மை. அவர் படிக்கச் சொன்னார். "படிச்சுப் பாத்துட்டுப் போடுங்கம்மா, இல்லாட்டி நாளைக்கு ஸ்டேஷனுக்கு வந்து நிதானமா வாங்கிக்கங்க" என்றார். நாளைக்கு ஸ்டேஷன் வாசலில் என்னை எவளாவது பார்த்தால் பரமக்குடிக்குப் போய்ச் சேர எத்தனை நேரம் ஆகும். வேண்டாம் சார், இங்கேயே கொடுங்கள் என்றேன். அப்போது அவர் வாயாலேயே சொன்னார், மெதுவாக, யாருக்கும் கேட்காமல்: "ஆளைக் கண்டுபிடிக்க முடியலைன்னு முடிக்கிறாங்கம்மா. ஒங்களுக்கு ஆட்சேபணை இருந்தா எழுதலாம். எழுதுனா மறுபடி விசாரணைக்கு வீட்டுக்கு வருவாங்க." நான் கேட்டேன், நன்றாகக் கேட்டேன். ஆட்சேபணை இருந்தால் என்பதும் கேட்டது, வீட்டுக்கு வருவார்கள் என்பதும் கேட்டது. 'எனக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை' என்று எழுதியிருந்ததற்குக் கீழே பொற்கொடி என்று போட்டேன்.  இன்னொரு நகலை மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு உள்ளே போய் முந்திரியைப் போட்டுக் கிளறினேன், சம்பந்தியம்மா கேசரி பிரமாதம் என்றார். அன்று சாயங்காலம் வெந்நீர் அடுப்பில் அந்த நகலும் எரிந்தது. என் புருஷனை நான் இரண்டாம் தடவை எரித்தேன் என்று பல நாள் நினைத்ததுண்டு. அப்புறம் வளையல் வாங்க, பத்திரிகை அடிக்க, பேறுகாலம் பார்க்க என்று நினைக்க நேரமில்லாமல் போனது, அதுவும் உண்மைதான். வருத்தப்படுகிறேனா என்றால் படுகிறேன். மறுபடி அந்தச் சந்தில் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன செய்வாய் என்றால், பெண்ணைப் பார்த்து யோசித்துவிட்டு அதையேதான் செய்வேனோ என்று பயமாக இருக்கிறது.

அட்டையை எடுத்துக்கொண்டு சுகந்தி ஸ்டேஷனுக்குப் போய் வந்தாள். "கேஸ ரெண்டாயிரத்தொம்பதுலயே முடிச்சிட்டாங்களாம்மா! நோட்டீஸ் குடுத்திருக்காம்னு ரைட்டர் சொல்றாரு. சவரிநாதன்னு ஒரு ஏட்டு குடுத்தாராம். ஒனக்கு எவனாவது குடுத்தானா?" செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலில் நின்றே கேட்டாள். நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். இல்லை என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, கொசு அடிக்கிற மாதிரி கை முந்திக்கொண்டது. "பாத்தியா, குடுக்காமயே குடுத்ததா எழுதியிருக்கானுங்க" என்று அவள் கொதித்தாள். அந்த ஒரு 'இல்லை' இப்போது டைப் அடித்து, நகல் எடுத்து, என் கையெழுத்தோடு மடியில் கிடக்கிறது. எஸ்பி கோப்பை வரவழைத்தால் உள்ளே அதே கையெழுத்து, பொற்கொடியில் வருகிற 'ற்'கூட அதே மாதிரி. தாயும் மகளும் பொய் மனு கொடுத்தார்கள் என்று அட்டையையும் சேர்த்துத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டால் என்ன ஆகும். மேட்டுத்தெருவுக்கு ஒருத்தரும் போகமாட்டார்கள். கோப்பை வரவழைக்காமல் மனுவை நம்பிவிட்டால் அது இன்னும் மோசம், தொப்பியைக் கழற்றிக்கொண்டு சுவரோரம் நின்ற மனுஷன் மேல் விசாரணை வரும். வயசான காலத்தில் அவர் வீட்டு வாசலில் போலீஸ் போய் நிற்கும். அவருடைய பெண்கள் எங்கே வாழ்க்கைப்பட்டிருக்கிறார்களோ. "இருவத்தாறு!" சுகந்தி என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "பயப்படாத, நான் பேசிக்கிறேன். நீ தலைய மட்டும் ஆட்டு, போதும்." அவள் கை சூடாக இருக்கிறது. சுகந்தி, என்றேன். "என்னம்மா?" அந்த நோட்டீஸ், என்று சொல்ல வாயெடுத்தேன். "இந்தத் தடவை விடமாட்டேம்மா. அப்பாவுக்கு நம்ம ஒண்ணுமே செய்யலைல்ல" என்றாள். நம்ம என்றாள். தன்னையும் சேர்த்துக்கொண்டாள். மடியில் கிடந்த மனுவை நேராக்கி வைத்தேன். ஃபேன் ஓட ஆரம்பித்திருக்கிறது, எப்போது போட்டார்கள் என்று தெரியவில்லை.

முப்பத்தொன்று என்றபோது என் கால் தானாக எழுந்தது. பெரிய அறை, மேஜைக்கு அந்தப் பக்கம் எஸ்பி, சின்ன வயசுக்காரர், என் மகளைவிட இரண்டு மூன்று வயது இளையவராக இருக்கலாம். "உக்காருங்கம்மா" என்றார். மனுவை மேலோட்டமாகப் பார்ப்பார் என்று நினைத்தேன், முதல் வரியிலிருந்து படிக்கிறார். சுகந்தி அட்டையின் நகலை நீட்டி, தேதியைக் காட்டி, தெருவைச் சொல்லி, எழுதாமல் விட்ட வீடு என்று மளமளவென்று சொல்லி முடித்தாள். அவர் நகலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "அப்பா கையெழுத்துன்னு நிச்சயமா தெரியுமா?" "ஏழுக்குக் கோடு போடுவாரு சார். என் ரேங்க் கார்டுல போட்டது வச்சிருக்கேன்." அவர் தலையாட்டினார், ஏதோ குறித்துக்கொண்டார், அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது, என் வீட்டுக்காரருக்காகப் பத்தொன்பது வருஷத்தில் ஒரு அதிகாரி பேனா எடுத்து எழுதியதை இப்போதுதான் பார்க்கிறேன். பிறகு விரல் மூன்றாவது பத்திக்கு வந்தது. "நோட்டீஸே தரலையா? அப்படின்னா அந்த ஏட்டு மேல தனியா விசாரணைக்கு எழுதிடுறேன்" என்று மணியை அழுத்தக் கையை நீட்டினார். "வேணாம் சார்." என் குரல்தான். சுகந்தி என் முழங்கையைத் தொட்டாள். "அவரு குடுத்தாரு சார். வீட்டுக்கே வந்து குடுத்தாரு. படிச்சுப் பாருன்னு சொன்னாரு. ஆட்சேபணை இருந்தா எழுதுன்னும் சொன்னாரு. நான்தான் இல்லைன்னு கையெழுத்துப் போட்டேன்."  சுகந்தி பக்கம் நான் திரும்பவில்லை. "தெரிஞ்சேவா போட்டீங்க?" என்றார் அவர். "தெரிஞ்சேதான் சார்." "இப்ப ஏம்மா வந்தீங்க?" அதற்கு நான் ஒன்றும் ஒத்திகை பார்த்து வைத்திருக்கவில்லை. "அப்போ ஆட்சேபணை இருந்துச்சு சார், சொல்லலை. இப்போ சொல்றேன். எனக்கு ஆட்சேபணை இருக்கு." அவர் என்னைப் பார்த்தார், கோபமாகவா இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை. மணியிலிருந்து கையை எடுத்துவிட்டு மனுவைச் சுகந்தி பக்கம் நகர்த்தினார். "மறு விசாரணைக்குக் கோர்ட்டைக் கேக்கணும், அதுக்கு நான் வாக்குக் குடுக்க முடியாது. அந்தத் தெருவுல அட்டை இருக்கான்னு பாக்க நாளைக்கே ஆள் அனுப்புறேன். இந்தப் பத்திய அடிச்சிட்டு நடந்தத நடந்தபடி எழுதி, அம்மாகிட்டக் கையெழுத்து வாங்கிக் குடுங்க. நோட்டீஸ் வாங்குன தேதி வேணும்."

வெளியே வந்தோம். கூடத்து ஓரத்தில் மனு எழுதுகிறவர்களுக்கு ஒரு மேஜை போட்டிருக்கிறார்கள். சுகந்தி உட்கார்ந்தாள், மூன்றாவது பத்தியைக் குறுக்காக ஒரே கோட்டில் அடித்தாள், பக்கத்தில் இருந்த வெள்ளை இடத்தில் எழுத ஆரம்பித்தாள். திட்டுவாள் என்று நின்றேன். அவள் நிமிரவே இல்லை. 'நோட்டீஸ் என் வீட்டிலேயே எனக்கு நேரில் தரப்பட்டது' வரைக்கும் எழுதிவிட்டு நிறுத்தினாள். "என்னிக்கும்மா?" என்றாள். தேதி எனக்கு ஞாபகமில்லை, எனக்குத் தேதியாக அது ஞாபகமில்லை. "பரமக்குடிக்காரங்க ஒன்னையப் பாக்க வந்த அன்னிக்குடி. நீ உள் ரூம்புல தலை பின்னிக்கிட்டு இருந்த" என்றேன். பேனா காகிதத்தின் மேல் அப்படியே நின்றது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, அவளுடைய விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.  பிறகு, நான் வேறெதுவும் சொல்லாமலே, 23.8.2009 ஞாயிற்றுக்கிழமை என்று எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, பேனாவை என்னிடம் நீட்டினாள்.